சுவருக்குள் யாரோ தட்டுகிறார்கள்

கிழக்குத் தாம்பரம்,
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள தம்பி ஆரோனுக்கு அக்கா கிருபா எழுதுவது.

கர்த்தருடைய இரக்கத்தால் நான் இங்கே சுகம். கோயம்புத்தூரில் நீயும் கெசியாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் சர்க்கரை மறுபடியும் ஏறியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். "கேள்விப்பட்டேன்" என்ற சொல்லை அடிக்கோடிட்டிருப்பதைக் கவனி. காது வேலை செய்கிறவர்கள்தான் கேள்விப்பட முடியும்.

நிற்க. உன் கடிதம் கிடைத்தது. வரும் பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு நீ வந்து என் வாசல் மணியை மூன்று தரம் அடிப்பாயாம். மூன்றாவது தரம் அடிப்பதற்குள் நான் கதவைத் திறந்தால் இந்த வீட்டிலேயே இருந்துகொள்ளலாமாம். திறக்காவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு மறுபேச்சில்லாமல் உன்னோடு கோயம்புத்தூருக்கு வந்துவிட வேண்டுமாம். எழுபத்தாறு வயது அக்காவுக்கு அறுபத்தொன்பது வயதுத் தம்பி போடும் நிபந்தனை இது. சரி, ஒப்புக்கொள்கிறேன். உன் அத்தான் கட்டிய வீட்டை விட்டு நான் ஒரு நிபந்தனைக்குப் பயந்து ஓடினேன் என்று நாளைக்கு யாரும் சொல்லவேண்டாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். ஒரு வாக்கியத்தை ஒழுங்காக முடிக்கத் தெரியாதவர்களுக்குத்தான் போன். நீ போன வருஷம் வாங்கி அனுப்பிய காது மெஷின் மேஜை டிராயரில் மிக நல்ல நிலையில் இருக்கிறது. ஒரு தடவைகூட உபயோகிக்காததால்தான் அவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது.

இத்தனைக்கும் காரணம் என் பக்கத்து வீட்டு ஸ்ரீநிவாசராகவன் என்று எனக்குத் தெரியும். காலனி சங்கத்துக்குச் செயலாளர், ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி, பிறர் வீட்டில் என்ன குறை என்று பார்ப்பதை இன்னும் விடவில்லை. என் சமையலறையில் குக்கர் பதினேழு விசில் அடித்தும் நான் அடுப்பை அணைக்கவில்லை, அவரே பின்வாசல் வழியாக வந்து அணைத்தார் என்று உனக்குப் போன் செய்திருக்கிறார். ஆரோன், அது ஆட்டுக்கால். ஆட்டுக்காலுக்குப் பதினேழு விசில் வேண்டும். நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். வெங்காயம்கூடச் சேர்க்காத மனிதருக்கு ஆட்டுக்காலின் விசில் கணக்கு எப்படித் தெரியும்? எனக்குக் காது கேட்கிறதா இல்லையா என்பதற்கு உன் பதினைந்தாம் தேதிவரை காத்திருக்கத் தேவையில்லை. சனிக்கிழமை மாலை எங்கள் சங்கக் கூடத்தில் நடந்ததை யார் யார் என்ன பேசினார்கள் என்பதோடு அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே டிக்கெட்டை ரத்து செய்துவிடுவாய்.

எங்கள் மூத்த குடிமக்கள் மன்றத்தில் மாதம் ஒரு படம் போடுகிறோம். இந்த மாதம் தேர்வு என்னுடையது. இப்போதைய படங்களில் ஒருவரும் வாயைத் திறந்து தெளிவாகப் பேசுவதில்லை, எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு முணுமுணுக்கிறார்கள். அதனால் நூறு வருஷத்துக்கு முந்தைய ஊமைப்படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பேய் மாளிகை மர்மப் படம். ஸ்ரீநிவாசராகவன் உடனே ஆட்சேபித்தார். ஒரு பக்கம் மின்சார ரயில், மறுபக்கம் விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானம், மேலே தகரக் கூரை, இதற்கு நடுவில் ஊமைப்படம் எடுபடாது என்றார். ரயிலும் விமானமும் எனக்கு ஒரு நாளும் தொந்தரவாக இருந்ததில்லை என்று பதில் சொன்னேன். அது சத்தியம்.

கதை இதுதான். ஒரு பணக்காரக் கிழவர் உயில் எழுதிவிட்டுச் சாகிறார். மலைமேல் இருக்கும் அவருடைய மாளிகை ஒரு இளம் பெண்ணுக்கு. ஆனால் அவள் ஒரு ராத்திரி முழுவதும் அந்த வீட்டில் தங்கவேண்டும். விடிவதற்குள் பயந்துபோய் வாசலைத் தாண்டினால் மாளிகை அடுத்த வாரிசுக்குப் போய்விடும். அடுத்த வாரிசு யார் என்பது வக்கீலின் பையில் ஒட்டிய உறையில் இருக்கிறது. உறவினர்கள் எல்லோரும் வந்து கூடுகிறார்கள். அவள் ஓடுகிறாளா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். நிபந்தனை போடும் சொந்தக்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்கள் என்பதை உன் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

ஊமைப்படத்தில் நடுநடுவே பேச்சு எழுத்தாக வரும் அல்லவா, அந்த ஆங்கில வரிகளின் பட்டியலை அச்செடுத்து வாங்கி, ஒவ்வொன்றையும் தமிழாக்கி, திரைக்குப் பக்கத்தில் நின்று நானே படிப்பது என்று ஏற்பாடு. கான்வென்ட்டில் மதர் பெர்னடெட் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே கடைசி வரிசையில் இருப்பவளுக்குக் கேட்கும்படி படிக்கத்தான். நான் கூட்டத்தைப் பார்த்தபடி நின்றேன், திரையை அல்ல. படிப்பவர் கேட்பவரின் முகத்தைப் பார்க்கவேண்டும். முன்வரிசைக்கு மேல் ஒரு விளக்கும் எரியவேண்டும் என்று சொல்லிவிட்டேன். இசைக்கு ஜோனத்தான். அவரை உனக்குத் தெரியும், நம் சபைப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர், மற்ற நாட்களில் காலனி முழுவதற்கும் எலெக்ட்ரிஷியன், நாற்பத்தைந்து வயதாகியும் என்னை ஆன்ட்டி என்பார். பேய்ப்படத்தில் வாசிப்பவரின் முகம் தெரியத் தேவையில்லை என்று அவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தேன். கனமாக, மெதுவாக, அடக்கமாக வாசிக்கச் சொன்னேன். அப்படியேதான் வாசித்தார், ஆரம்பம் முதல் முடிவு வரை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. படத்தில் அந்தப் பெண்ணுக்குத் துணையாக நிற்கும் ஒரு இளைஞனைப் பட்டியலில் கசின் என்று எழுதியிருந்தது. வெள்ளைக்காரர்கள் பெரியப்பா மகன், சித்தி மகன், மாமா மகன், அத்தை மகன் எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டி கசின் என்று வைத்துவிடுவார்கள். இதைப் பத்தாம் வகுப்பிலேயே நான் மதர் பெர்னடெட்டிடம் ஆட்சேபித்திருக்கிறேன். நம் ஜனங்களிடம் அப்படிப் படித்தால் யாருக்கு என்ன முறை என்று கேட்டே படத்தை முடிய விடமாட்டார்கள். ஆகவே நானே ஒரு வம்சாவளிப் படம் வரைந்து, கிழவரில் தொடங்கி எல்லோருக்கும் கோடு போட்டு, அந்த இளைஞனைச் சித்தப்பா மகன் என்ற கட்டத்தில் உட்காரவைத்து, சுவரில் ஒட்டினேன். பட்டியலை முழுவதும் படித்துத்தான் முடிவு செய்தேன். படத்தை முன்கூட்டிப் பார்க்கவில்லை. எழுத்து எல்லாம் கையில் இருக்கும்போது படத்தை வேறு எதற்குப் பார்க்கவேண்டும்?

நாலரை மணிக்கு நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஸ்ரீநிவாசராகவன், அவருக்கு இந்தப் பக்கம் லோகநாயகி அம்மாள். இந்த அம்மாள் மூன்றாவது தெருவில் இருப்பவர், சீரியல் பார்த்துப் பார்த்து யாரையும் முதல் பார்வையிலேயே சந்தேகப்படும் பழக்கம் உள்ளவர். நான் முதல் வரியைப் படித்ததுமே முன்வரிசையில் நாலைந்து பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். பேய் வருவதற்கு முன்பே அவ்வளவு பயம். லோகநாயகி அம்மாள் கையை உயர்த்தினார்.

"டீச்சர், அந்தப் பொண்ணுக்கு அந்தப் பையன் என்ன முறை?"

"சித்தப்பா மகன். அண்ணன் முறை" என்று வம்சாவளியைச் சுட்டிக் காட்டினேன். அம்மாள் திருப்தியாகத் தலையாட்டினார்.

பத்து நிமிஷத்தில் அந்த இளைஞன் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணை மாடிக்கு அழைத்துப் போகிறான். கையைப் பிடித்துத்தான். கூட்டத்தில் சலசலப்பு. "அண்ணன்காரன் பார்வையே சரியில்லையே" என்றார் லோகநாயகி அம்மாள். "கையை அவ்ளோ நேரமா பிடிச்சிருப்பான்? இவன்தான் டீச்சர் பேய். எழுதி வெச்சுக்கோங்க." வெள்ளைக்காரர்களில் அண்ணன் தங்கை கையைப் பிடித்துக்கொள்வது சகஜம் என்று சொல்லிவைத்தேன். இதையெல்லாம் இருட்டுக் கூடத்தில், இத்தனை பேர் முணுமுணுப்புக்கு நடுவில், ஒரு சொல் விடாமல் நான் சொல்கிறேன் என்பதை நினைத்துப் பார். கடைசி பெஞ்சில் யார் உதட்டை அசைத்தாலும் என்ன சொன்னாள் என்று முப்பத்திரண்டு வருஷம் கண்டுபிடித்தவள் நான்.

பிறகுதான் அந்த மாலையின் உச்சம். கூடத்தில் திரைக்கு ஒட்டினாற்போல் ஒரு பக்கவாட்டுக் கதவு உண்டு. மீட்டர் பெட்டி இருக்கும் சந்துக்குப் போகும் கதவு. அந்தச் சந்துக்கு வேறு வழி கிடையாது, மூன்று பக்கமும் மதில், கொசு தவிர யாரும் அங்கே போவதில்லை. யாரோ பொறுப்பில்லாதவர்கள் அதைத் திறந்துவிட்டிருந்தார்கள். வெளிச்சம் ஒரு கோடாகத் திரையில் விழுந்து பேயின் முகத்தை இரண்டாக வெட்டியது. நான் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டேன், இனிமேல் யாரும் திறக்கக்கூடாது என்று. படத்தில் அந்தப் பெண் தனியாகக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். பட்டியலில் அடுத்த வரி: சுவருக்குள் யாரோ தட்டுகிறார்கள்.

அதை நான் படித்தேன் பார், ஆரோன். ஒரே ஒரு வரி. நாற்பத்திரண்டு பேரும் திரையை விட்டுவிட்டு என்னையும் என் பின்னால் இருந்த கதவையும் பார்த்தார்கள். சிலர் எழுந்து நின்றார்கள். இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். லோகநாயகி அம்மாள் கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டார். நான் இன்னும் அழுத்தமாக இரண்டாம் தரம் படித்தேன். பயம் இரட்டிப்பாயிற்று. ஒரு வாசிப்பால் இவ்வளவு முடியும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. மதர் பெர்னடெட் உயிரோடு இருந்திருக்கவேண்டும்.

அந்த நேரத்தில் ஸ்ரீநிவாசராகவன் எழுந்து என்னிடம் வந்தார். வழக்கம்போல் வாய்க்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு, என் குரல் அபாரம் என்றும், உனக்குப் போன் செய்தது தன் தவறு என்றும், நீண்ட நேரம் சொன்னார். உணர்ச்சிவசப்பட்டுக் கதவைக்கூடச் சுட்டிக் காட்டினார். பாராட்டுக்கு இது நேரமில்லை என்று ஒரு விரலைக் காட்டி உட்காரச் சொன்னேன். எழுபத்திரண்டு வயது தணிக்கை அதிகாரி பேசாமல் போய் உட்கார்ந்தார். அடுத்த அரை மணி நேரமும் கூட்டம் அதே பயத்தில் இருந்தது. இவ்வளவு கவனமான கூட்டத்தை என் ஆசிரியப் பணிக்காலத்தில்கூட நான் பார்த்ததில்லை.

முடிவில் பேய் வேஷம் போட்டது பெரியம்மா மகன் என்று தெரிகிறது. ஒட்டிய உறையில் இருந்த அடுத்த வாரிசு அவன்தான். அந்தப் பெண் வாசலைத் தாண்டவே இல்லை. பயத்தில் நடுங்கிக்கொண்டே, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே, விடியும்வரை நின்றுவிட்டாள். ஜன்னலில் வெளிச்சம் வந்ததும் எனக்கே கண் கலங்கியது. பட்டியலில் வரிகள் முடிந்துவிட்டன. நான் கோப்பை மூடினேன். ஆனால் படம் முடியவில்லை. வார்த்தை தேவைப்படாத ஒரு காட்சி மிச்சமிருந்தது என்பதைக் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். திரும்பிப் பார்த்தால் அந்த இளைஞன் அவளைக் கட்டி அணைத்து முத்தமிட்டுக்கொண்டிருக்கிறான். சுருக்கமாக அல்ல.

கூடமே எழுந்துவிட்டது. "சித்தப்பா பையன்னு சொன்னீங்களே" என்றார் லோகநாயகி அம்மாள். "இது சங்கக் கூடம் டீச்சர். நாங்கள்லாம் குடும்பஸ்தங்க." பின்வரிசையில் இரண்டு பேர் செருப்பைத் தேடிப் போய்விட்டார்கள். என் மன்றப் பொறுப்பும் என் வம்சாவளியும் ஒரே நேரத்தில் ஆட்டம் கண்டன. நான் அசையவில்லை. பேனாவை எடுத்தேன். சுவரில் இருந்த வம்சாவளியில் சித்தப்பாவிலிருந்து வரும் கோட்டை அடித்தேன். அத்தையிலிருந்து ஒரு புதுக் கோடு இழுத்து அவனை அங்கே இறக்கினேன். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "ஒரு திருத்தம். அவன் அத்தை மகன்" என்று அறிவித்தேன்.

லோகநாயகி அம்மாள் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். அத்தையின் கட்டத்தையும் பார்த்தார். "அப்ப முறைமாப்பிள்ளைதானே" என்றார். "முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க நிம்மதியா பார்த்திருப்போம் இல்ல? பாவம், நல்ல பையனைப் போய் சந்தேகப்பட்டுட்டேன்." அடுத்த சனிக்கிழமை இதே படத்தைச் சரியான முறையோடு மறுபடி போடவேண்டும் என்று அங்கேயே தீர்மானம் ஆயிற்று. விளக்கு போட்டதும் ஸ்ரீநிவாசராகவன் ஓடிப்போய்ப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார், காற்றுக்காக. அதன் வழியாக ஜோனத்தான் வந்தார். முகம் முழுக்க வீங்கி, கண் சிவந்து, பேசக்கூட முடியவில்லை. என் வாசிப்பு அவரையும் அழவைத்துவிட்டது. அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். கலைஞர்கள் மென்மையானவர்கள்.

இதற்கு மேல் உனக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? காது கேட்காதவளால் ஒரு கூட்டத்தை இப்படி நடத்த முடியுமா? டிக்கெட்டை ரத்து செய். கெசியாவுக்கு என் அன்பைச் சொல், காலையில் உனக்குக் காபியில் சர்க்கரை போடவேண்டாம் என்றும் சொல். உன் இரத்தத்துக்கும் உன் அவசர புத்திக்கும் கர்த்தர் காவலாயிருப்பாராக.

இப்படிக்கு,
நன்றாகக் காது கேட்கும் உன் அக்கா,
கிருபா ஞானையா.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் சமயத்தில் ஜோனத்தான் வந்தார், சங்கக் கூடத்தில் மறந்துவிட்ட தன் ஒயர் என்னிடம் இருக்கிறதா என்று பார்க்க. எதற்காக இன்னும் முகம் வீங்கியிருக்கிறது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே நெடுநேரம் ஏதோ சொன்னார். மிக்க மகிழ்ச்சி என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தன் கைப்பேசியை எடுத்து, பெரிய எழுத்தில் தட்டி, என் முகத்துக்கு நேரே பிடித்தார். "ஆன்ட்டி, கீபோர்டு லைன் மட்டும் டிரிப் ஆச்சுன்னு மீட்டர் பாக்க சந்துக்குப் போனேன். நீங்க தாப்பா போட்டுட்டீங்க. முக்கா மணி நேரம் தட்டினேன். ஒரே கொசு." அதைப் படித்ததும் அடுத்ததைக் காட்டினார். "அப்பறம் மியூசிக்கே இல்ல." அதற்கும் அடுத்தது. "செக்ரட்டரி சாரு கதவத் தொறக்க சொன்னாரு. நீங்க அவர உக்கார சொல்ட்டீங்க."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். படத்திலும் அந்தப் பெண் ஒரு தரம் அப்படித்தான் உட்கார்ந்தாள், பேய் எதுவும் இல்லாத அறையில்.

ஆறு பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுத எனக்கு மனமில்லை. கிழித்த தாளை மதர் பெர்னடெட் மன்னித்ததே இல்லை. ஆகவே திருத்தத்தோடு அனுப்புகிறேன். லோகநாயகி அம்மாள் பேசியது அவ்வளவும் உண்மை, ஜோனத்தானிடம் சரிபார்த்துவிட்டேன், சந்துக்குள் இருந்த அவருக்கே அவ்வளவும் கேட்டிருக்கிறது. அந்த அம்மாள் வாயை நன்றாகத் திறந்து பேசுகிறவர். ஸ்ரீநிவாசராகவன் சொன்னதாக நான் எழுதியது அவர் சொல்லியிருக்கவேண்டியது. காதைப் பொத்திக்கொண்டவர்கள் பேய்க்குப் பயந்து பொத்தவில்லை. உன் சர்க்கரையைப் பற்றி நான் கேள்விப்படவில்லை, கெசியாவின் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் படித்தேன். குக்கர் விஷயம்: விசிலை எண்ணியது ஸ்ரீநிவாசராகவன். அதில் இருந்தது ஆட்டுக்கால் இல்லை. பருப்பு.

காது மெஷினையும் எடுத்து மாட்டிப் பார்த்தேன். முதலில் கேட்டது ஃபிரிட்ஜ். இத்தனை வருஷமாக அது இப்படி முனகிக்கொண்டிருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாரத்தில் ஆறு நாள் போட்டுக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் தொடங்கியதும் கழற்றிவிடுவேன், அந்த உரிமையை மட்டும் விட்டுத்தருவதாக இல்லை.

மெஷினைப் போட்டுக்கொண்ட பிறகு உன் வாசல் மணி நிபந்தனையை ஜோனத்தானிடம் சொன்னேன். அவருடைய குரலே எனக்குக் கேட்டது. "உங்க பெல்லு நல்லாத்தான் கீது ஆன்ட்டி. கூட ஒரு லைட்டு போட்டா மேட்டர் முடிஞ்சுது. அவரு பெல்லு அடிச்சா உங்க வூட்டுல லைட்டு எரியும்." கொசுக்கடியோடு ஒரு மனிதர் இதைச் சொல்கிறார். இதை எழுதும்போது அவர் ஏணிமேல் நிற்கிறார். கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, மூன்று சிவப்பு விளக்குகள். உன் கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். கதவைத் திறக்கவேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறாய். காதால் கேட்டுத் திறக்கவேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. நிபந்தனை போடுகிறவன் ஒழுங்காகப் போடவேண்டும்.

டிக்கெட்டை ரத்து செய்யாதே. பதினைந்தாம் தேதி வா. மூன்று தரம் வேண்டாம், ஒரு தரம் அடித்தால் போதும். பெட்டி எதுவும் கட்டிவைத்திருக்க மாட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிஜமாகவே ஆட்டுக்கால். நீ குக்கருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பதினேழு விசிலையும் எண்ணி எனக்குச் சொல்லு.